காலிக் கட்டம்

வாரத்தில் இரண்டு நாள் குஞ்சு இறங்கும். திங்களும் வியாழனும். அந்த இரண்டு நாளும் பாப்பாயி காலையில் சோறு தின்பதில்லை. விரதம் கிரதம் ஒன்றும் இல்லை. தின்றால் வயிற்றில் நிற்காது, அவ்வளவுதான்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஹேச்சரி. முட்டைக் கோழிக் குஞ்சு பொரிக்கிற இடம். முட்டைக் கோழியில் பெட்டைக்குத்தான் மதிப்பு. சேவல் முட்டையிடாது. அந்த இனத்துச் சேவல் கறிக்கும் ஆகாது, தின்கிற தீனிக்கு உடம்பு வைக்காது. அதனால் பொரித்த அன்றே பிரித்துவிட வேண்டும். நீள மேசைக்கு இரண்டு பக்கமும் பாப்பாயியோடு சேர்த்து ஏழு பெண்கள் நின்று, குஞ்சை ஒரு கையில் பிடித்து இறக்கையை விரித்துப் பார்ப்பார்கள். மயிர் நீளமும் குட்டையுமாக மாறி மாறி இருந்தால் பெட்டை. ஒரே மட்டமாக இருந்தால் சேவல். பெட்டை அட்டைப் பெட்டிக்குப் போகும். சேவல் மேசைக்கடியில் இருக்கிற கூடைக்குப் போகும். அந்தக் கூடைகளைப் பின்பக்கம் தூக்கிப்போய் நீல டிரம்மில் கவிழ்த்து, மூடி போட்டு, மேலே கல் வைப்பது பாப்பாயியின் வேலை. மேலே விழுகிற குஞ்சுகளின் பாரத்தில் அடியில் இருப்பது முதலில் அடங்கும். சத்தம் முழுக்க அடங்கக் கால் மணி நேரம் ஆகும்.

ஆரம்பத்தில் அதை முறை வைத்துத்தான் செய்தார்கள். ஒருத்தி பிள்ளைத்தாச்சி ஆனாள். ஒருத்தி கோயிலுக்கு மாலை போட்டாள். மேசையில் எதிரே நிற்கிற மாரக்காளுக்குத் தலைச்சுற்றல் வந்தது. ஒவ்வொருத்தியாக ஒதுங்க ஒதுங்க, கடைசியில் டிரம் பாப்பாயியின் கையோடு நின்றுவிட்டது. ஒன்பது வருசம் ஆகிறது.

மகள் தனப்பிரியாவை எடப்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளுக்கு இரண்டு கரு நிற்கவில்லை. மூன்றாவது இப்போது நாலு மாதம். மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போன பாப்பாயி, மகளின் வயிற்றில் கை வைக்கப் போனாள். தனப்பிரியா மெல்ல அந்தக் கையைப் பிடித்து எடுத்து அம்மாவின் மடியிலேயே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அந்தக் கையோட தொட வேண்டாம்."

பாப்பாயி கோபித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அத்தனை உசுரின் சாபம் சும்மா போகுமா என்று முதலில் கிளப்பிவிட்டது மாரக்காள்தான். சோத்து நேரத்தில் விளையாட்டாகச் சொன்னாள். அந்தப் பேச்சு எடப்பாடி வரைக்கும் போயிருக்கிறது.

மேனேஜர் சண்முகவேலிடம் வேலையை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டாள். "நீங்களும் மாட்டேன்னா நான் யாரைம்மா போடறது? டிரம் வேண்டாம்னா ஊட்டுல இருந்துக்கங்க" என்றார். கெட்ட மனுசர் இல்லை. அவருக்கும் வேறு ஆள் இல்லை. பாப்பாயியின் புருசன் மருதாசலம் போர் போடுகிற ரிக் வண்டியோடு போய்ச் சத்தீஸ்கரில் கிடக்கிறான், வருசத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் இருந்துகொள்கிற வசதி அவளுக்கு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெயப்பிரியா ஒரு வேனில் வந்து இறங்கினாள். குமாரபாளையத்துத் தறிக்காரர் மகள். சேலத்தில் ஒரு கல்லூரியில் வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பீரோவைப் படுக்கப் போட்டது மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியை நாலு பேர் தூக்கிவந்து, முட்டை அறைக்குப் பக்கத்தில் இருந்த ஏசி ரூமில் வைத்தார்கள்.

"மூணு ட்ரே முட்டை தாரேன். ஒரே தரம்" என்றார் சண்முகவேல். "சரியா வந்துச்சுன்னா மொதலாளிகிட்டப் பேசறேன். வரலீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பிரணுமுங்க. எனக்கு ஏசி ரூம் வேணும்."

கூடமாட உதவிக்குப் பாப்பாயியை விட்டார். மாரக்காள் அழைக்காமலே வந்தாள்.

"இது என்னதான் பண்ணுமாம்?" என்றாள் மாரக்காள்.

"நாலாம் நாளே முட்டைக்குள்ள இருக்கறது சேவலா பெட்டையான்னு சொல்லும்க்கா. நாலாம் நாள்ல அது குஞ்சே இல்ல. ரத்தக் கோடு நாலு ஓடும், அவ்வளவுதான். வலி தெரியாது. அப்பவே எடுத்துட்டா சேவல் பொரிக்கவே வேண்டியதில்ல."

"நாங்களும் லைட் அடிச்சுத்தான் பாக்கறோம். எங்க கண்ணுக்குத் தெரியாதது உம்பட பொட்டிக்குத் தெரிஞ்சிருமாக்கும்?"

"லைட்டக் கூட்டினா முட்டை சூடேறிச் செத்துரும். கொறைச்சா ஒண்ணுந் தெரியாது. வெளிச்சத்துக்கே ஒரு இரைச்சல் இருக்குதுங்க்கா."

"வெளிச்சத்துக்கு ஏது அம்மிணி இரைச்சல்?" பாப்பாயி கேட்டாள்.

ஜெயப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். "வெளிச்சம் தண்ணியாட்டம் ஒழுகறதில்ல. தகரக் கூரையில தூறல் விழுகற மாதிரி, பொட்டுப் பொட்டா வருது. இந்த நொடி நூறு விழுகும், அடுத்த நொடி தொண்ணூறு. முட்டைக்குள்ள ரத்தம் குடிச்சது ரெண்டே பொட்டுன்னு வைங்க. ரத்தம் குடிச்சுக் கொறஞ்சுச்சா, இல்ல தூறலே கொறஞ்சுச்சான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அதுக்குத்தான் இந்தப் பொட்டிக்குள்ள ஒரு கல்லு இருக்குது. அதுல இருந்து பொட்டு ரெட்டை ரெட்டையாப் பொறக்கும். இந்தப் பக்கம் நூறுன்னா அந்தப் பக்கமும் நூறு. இக்கட்ட தொண்ணூறுன்னா அக்கட்டயும் தொண்ணூறு. ஒரு பக்கத்த முட்டைக்குள்ள உடறோம். இன்னொண்ண வெளியவே நிறுத்தி எண்ணறோம். ஜோடி இல்லாம எத்தனை நிக்குதுன்னு பாத்தா, உள்ள போனதுல எத்தனை திரும்பலைன்னு தெரிஞ்சிரும். சேவல் ரத்தம் குடிக்கறது ஒரு அளவு, பெட்டை ரத்தம் குடிக்கறது ஒரு அளவு."

"ரெட்டப் புள்ளைல ஒண்ணப் பள்ளிக்கோடம் அனுப்பிச்சுட்டு இன்னொண்ண வாசல்ல உக்கார வெச்சாப்பல" என்றாள் மாரக்காள். பாப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படித்தான்க்கா. உள்ள போறதுல பாதிக்கு மேல ஓட்டுலயே செத்துரும். மீதிய வெச்சுத்தான் பாக்கணும். அதுக்குத்தான் நாலு வருசமாச்சு."

"அப்ப இது வந்தா டிரம்மு?" பாப்பாயி கேட்டாள்.

"டிரம் வேண்டாம்க்கா."

"மேசை?" இது மாரக்காள்.

ஜெயப்பிரியா மாரக்காளைப் பார்த்தாள். "மேசைக்கும் வேலை இருக்காதுன்னுதான் நெனைக்கறேன். பொய் சொல்ல மாட்டேன்."

மாரக்காள் அதற்குப் பிறகு விளையாட்டாகப் பேசவில்லை.

ஒரு ட்ரேக்கு எண்பத்தெட்டு முட்டை. நாலாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெயப்பிரியா அந்த மூன்று ட்ரேயையும் பெட்டிக்குள் பார்த்தாள். பாப்பாயி முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள், பார்த்ததும் வாங்கி அதே குழியில் வைப்பாள். முட்டை மேல் பென்சில்கூடப் படக்கூடாது. அந்தக் கோடே நாலு பொட்டைக் குடித்துவிடுமாம். எந்த ட்ரே, எந்த வரிசை, எத்தனையாவது குழி, அதுதான் முட்டைக்குப் பெயர். பெயருக்கு நேராகச் சேவல், பெட்டை, காலி என்று கம்ப்யூட்டரில் ஏறியது. காலி என்றால் உள்ளே ரத்தமே ஓடாத முட்டை. மூன்று ட்ரேயிலும் அப்படி இருபத்தாறு இருந்தது.

பதினெட்டாம் நாள் முட்டையைப் பொரிக்கிற கூடைக்கு மாற்ற வேண்டும். இந்த மூன்று ட்ரேக்கு மட்டும் ஜெயப்பிரியா அட்டையில் கட்டம் கட்டமாகத் தடுத்த கூடை செய்து வைத்திருந்தாள், ஒரு கட்டத்துக்கு ஒரு முட்டை. அன்றைக்குப் பார்த்து அவளைக் கல்லூரியில் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் சொன்னாள்.

"பாப்பாயிக்கா, வழக்கம்போல லைட் அடிச்சுக் கெட்டத எடுத்துருங்க. மத்தத அப்படியே கூடைக்கு மாத்திருங்க."

"சரிங்க அம்மிணி. அப்படியே மாத்தீர்றேன்."

மாரக்காள் எதிர்ப்பக்கம் நின்று கூடையைப் பிடித்துக்கொள்ள, பாப்பாயி மாற்றினாள்.

வியாழக்கிழமை குஞ்சு இறங்கியது. சண்முகவேல் பேனாவோடு வந்து நின்றார். ஜெயப்பிரியா கம்ப்யூட்டரைப் பார்த்துப் படிக்க, பாப்பாயி கட்டத்திலிருந்து குஞ்சை எடுத்து இறக்கையை விரித்துச் சொன்னாள்.

"சேவல்."

"சேவல்தானுங்க."

"பெட்டை."

"பெட்டை."

ஆறு வரைக்கும் சரியாகப் போனது. ஏழாவது கட்டம்.

"காலி" என்றாள் ஜெயப்பிரியா.

அந்தக் கட்டத்தில் ஒரு குஞ்சு நின்று அவர்களைப் பார்த்துக் கத்தியது.

சண்முகவேல் வாய்விட்டுச் சிரித்தார். "கூமுட்டையில குஞ்சு வந்திருக்குதுங்க!"

ஜெயப்பிரியா கம்ப்யூட்டரைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். மேலே படித்தாள். சேவல் என்றதில் பெட்டை இருந்தது. பெட்டை என்றதில் பெட்டை. பெட்டை என்றதில் சேவல். மறுபடியும் ஒரு காலியில் குஞ்சு. மூன்று கூடையும் முடிகிறபோது பாதிக்குப் பாதி தப்பு. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும். மூன்றாவது கூடையின் கடைசியில் மட்டும் இருபத்தாறு கட்டம் வரிசையாகக் காலியாகக் கிடந்தது.

"இங்க மட்டும் ஏன் இத்தனை காலி?" ஜெயப்பிரியா நிமிர்ந்தாள். "யாராச்சும் முட்டைய மாத்தி வெச்சீங்களா?"

பாப்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

ட்ரேயில் ஓட்டை விடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற விசயம் அதுதான். குழி காலியாக இருந்தால் பக்கத்து முட்டை உருண்டு விரிசல் விடும், சூட்டுக் காற்று அந்த வழியாகப் போய்விடும். கெட்ட முட்டையை எடுத்தால் அடுத்ததை முன்னால் தள்ளு. அதற்கடுத்ததை அதன் இடத்துக்குத் தள்ளு. பதினாலு வருசமாக அவள் கை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. 'அப்படியே' என்றால் அவளுக்கு எப்போதும் செய்கிறபடியே. ஜெயப்பிரியாவுக்கு 'அப்படியே' என்றால் இருக்கிறது இருக்கிறபடியே. ஏழாவது குழியில் இருந்த கெட்ட முட்டையை எடுத்ததும் எட்டாவது முட்டை ஏழாவது கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே தொடங்கி எல்லாப் பெயரும் ஒவ்வொன்றாக நகர்ந்துவிட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் மாரக்காள் பேசிவிட்டாள்.

"நாங்க ஏனுங்க மாத்தறோம்? அது கடைசி ட்ரேங்க. கதவோரம் இருந்துச்சு. சூடு பத்தாமக் கெட்டுப்போச்சு, எடுத்துட்டோமுங்க."

"இருக்கும் இருக்கும்" என்றார் சண்முகவேல். "சரி அம்மிணி, வருத்தப்படாதீங்க. பொழுதோட வேன வரச்சொல்லீருங்க."

பின்பக்கம் டிரம்மிடம் மாரக்காள் வந்து பாப்பாயியின் முழங்கையைப் பிடித்தாள்.

"வாயத் தொறந்தீன்னா பாரு."

"நாந்தான் தள்ளி வெச்சேன், மாரக்கா."

"தெரியும். எதுருல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எதுக்குச் சொல்லோணும்? அந்தப் பொட்டி நின்னா நாம ஏழு பேரும் எங்க போறது? நூல் மில்லுல நம்ம வயசுக்கு எவன் வேலை குடுப்பான்? நம்மகூட மேசையில நிக்கற கந்தம்மா ஊட்டுக்காரன் படுத்த படுக்கையாக் கெடக்கறான். உனக்கு டிரம்ம உட்டாப் போதும். எங்களுக்குச் சோறு வேணுமில்ல?"

மாரக்காள் சொன்னதில் பொய் இல்லை. பாப்பாயி கூடைகளைத் தூக்கிக் கவிழ்த்தாள். சோதனைக்கு வைத்த மூன்று கூடைச் சேவலும் அதில்தான் விழுந்தது. மூடியைப் போட்டாள். கல்லை வைத்தாள்.

கை கழுவப் போகிற வழியில் ஏசி ரூம் கதவு பாதி திறந்திருந்தது. ஜெயப்பிரியா கறுப்புத் துணியை மடித்துக்கொண்டே தோளில் போனை இடுக்கிக் கல்லூரிப் பேராசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க சார், முட்டை மேல தப்பு இல்ல. அவிய நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. கல்லு சூடேறி ஜோடி பிசகியிருக்கும். நான் கவனிக்கல... ஆமாங்க சார். என்ற தப்புதான்... இந்த ஆராய்ச்சிய வேற யாருக்காவது குடுத்துருங்க சார், நான் ஒத்துக்கறேன்."

பாப்பாயி அங்கேயே நின்றாள். கையில் குஞ்சின் மஞ்சள் பூமயிர் ஒட்டியிருந்தது. தன் தப்பை இன்னொருத்தி எடுத்து முதுகில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மேனேஜர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வேலையை விட்டு நிறுத்தினாலும் தாங்கியிருப்பாள். இந்தப் பெண் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருப்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"அம்மிணி."

ஜெயப்பிரியா திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"கல்லு மேல தப்பில்ல. நாந்தான் தள்ளி வெச்சேன். கெட்டத எடுத்தா ஓட்டை உடாம முன்னால தள்ளிருவோம். அப்படியேன்னு சொன்னீங்கல்ல, எப்பவும் பண்றாப்பலயே பண்ணிப்போட்டேன்."

ஜெயப்பிரியா போனைக் கீழே வைத்தாள். அணைக்கக்கூட இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, காலி என்று இருந்த இருபத்தாறையும் அழித்து, மீதியை மேலே இழுத்தாள். பக்கத்தில் குஞ்சுக் கணக்கை வைத்தாள். விரலை வைத்துக்கொண்டே கீழே போனாள். பாப்பாயிக்கு எழுத்துப் புரியவில்லை, முகம் புரிந்தது.

"இருநூத்தி முப்பத்தெட்டுல இருநூத்தி இருபத்தொம்போது சரி" என்றாள் ஜெயப்பிரியா.

"அப்ப மேனேஜர்கிட்டச் சொல்லீரலாமுங்களா?"

"சொல்லலாம். ஆனா இது செல்லாது பாப்பாயிக்கா. விடை தெரிஞ்சதுக்கப்பறம் கேள்வித்தாளத் திருத்துனாப்பல ஆயிரும். மறுபடியும் வெச்சாத்தான் உண்டு. இன்னும் இருபத்தியொரு நாள்."

இருவரும் சண்முகவேலிடம் போனார்கள். மாரக்காள் மேசையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அப்பக் கேட்டப்ப ஏம்மா சொல்லலை?" சண்முகவேல் பாப்பாயியைப் பார்த்துக் கத்தினார்.

"பயமா இருந்துச்சுங்க."

"நீங்க ரெண்டு பேருந்தானே மாத்துனீங்க? மாரக்காளு அப்படி இல்லவே இல்லைன்னுச்சு?"

மாரக்காளின் கைத்துணி நின்றது.

"அவ கூடையத்தான் புடிச்சிருந்தா. அவளுக்கென்னங்க தெரியும்? தள்ளுனது நானு."

சண்முகவேல் நெற்றியைத் தேய்த்தார். "இன்னொரு தரம். அவ்வளவுதான். ஏசி ரூம ஐப்பசிக்குள்ள காலி பண்ணீரணும்" என்றார். பாப்பாயியிடம், "டிரம் மட்டும் நிக்கக் கூடாது. பாத்துக்கங்க" என்றார்.

அந்த இருபத்தியொரு நாளும் மேசையில் யாரும் பாப்பாயியோடு பேசவில்லை. சோத்து நேரத்தில் ஆறு பேர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பாப்பாயி ஜெனரேட்டர் ஓரம் உட்கார்ந்து தின்றாள். திங்களும் வியாழனும் அதுவும் இல்லை. தனப்பிரியாவுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியது. போனில் அழைத்து, ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னாள். "எப்பம்மா வாறீங்க?" என்றும் கேட்டாள். "வாரேன் சாமி, வேலை கெடக்குது" என்றாள் பாப்பாயி.

பதினெட்டாம் நாள் ஜெயப்பிரியா கூடவே இருந்தாள். கூடையைப் பிடிக்க மாரக்காளைத்தான் விட்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஐந்தாவது முட்டை கெட்டது. பாப்பாயி அதை எடுத்தாள். ஆறாவதை எடுத்த கை நேராக ஐந்தாவது கட்டத்துக்குப் போனது. அட்டைக்கு ஒரு விரல் மேலே போய் நின்றுவிட்டது. கையைத் தூக்கி ஆறாவது கட்டத்தில் வைத்தாள். ஐந்தாவது கட்டம் பல் விழுந்த வாய் மாதிரி திறந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது.

"உட்டுட்டுப் போறதுக்கு மனசு வருதா பாரு" என்றாள் மாரக்காள், கூடையைப் பார்த்தபடியே. பதினெட்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"வரலதான்" என்றாள் பாப்பாயி. அடுத்த முட்டையை எடுத்தாள்.

குஞ்சு இறங்கிய அன்று சண்முகவேல் பேனாவோடு வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"பெட்டை."

"பெட்டைதானுங்க."

"சேவல்."

"சேவல்."

"சேவல்."

"சேவலுங்க."

"சேவல்."

"சேவல்."

"காலி" என்றாள் ஜெயப்பிரியா.

பாப்பாயி ஐந்தாவது கட்டத்துக்குள் விரலை விட்டு அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "காலிதானுங்க."

மூன்று கூடையிலும் தப்பு பதினொன்று. சண்முகவேல் பேனாவைச் சட்டையில் சொருகிக்கொண்டு, மொதலாளிக்குப் போன் போட வெளியே போனார். பெட்டி உடனே வந்துவிடப் போவதில்லை என்று ஜெயப்பிரியாவே சொன்னாள். ஒரு முட்டை பார்க்க ஒரு நிமிசம் ஆகிறது, இங்கே ஒரு நாளைக்கு முப்பதாயிரம் முட்டை. அதை நொடிக்குக் கொண்டுவர இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ ஆகும். அதுவரைக்கும் மேசை இருக்கும். டிரம்மும் இருக்கும்.

பாப்பாயிக்கு அதைக் கேட்டு அழுகை வரவில்லை. அழுவதற்கு நேரமில்லை. சேவல் கூடைகள் நிறைந்து கிடந்தன. இரண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

டிரம்மின் பக்கத்தில் மாரக்காள் நின்றிருந்தாள். சேலையைத் தூக்கிச் சொருகி, முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"கீழ வையி."

"என்ன மாரக்கா?"

"கூடையக் கீழ வையிங்கறன். எடப்பாடி பஸ்ஸு மூணு மணிக்கு. கைய நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போ. இனிமேலைக்கு இத நான் போடறேன்னு உன்ற புள்ளைகிட்டச் சொல்லு."

"உனக்குத் தலைச்சுத்தல் வருமே."

"வந்தா வருது. சித்தெ உக்காந்துட்டுப் போடறேன்." மாரக்காள் அவளைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு மேனேசர்கிட்ட ஏண்டி என்னையச் சொல்லல?"

பாப்பாயி கூடையைக் கீழே வைத்தாள். மாரக்காள் ஒன்றைத் தூக்கினாள். ஒன்பது வருசத்துக்கு முந்தின பழக்கம், கை மறந்துபோயிருந்தது. கவிழ்க்கத் தெரியாமல் பாதிக் குஞ்சு தரையில் சிந்தி நாலாபக்கமும் ஓடியது. அவள் கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டிக்கொண்டு குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

பாப்பாயி குழாயடிக்குப் போய்ச் சோப்பை எடுத்தாள்.